கருப்பட்டிக் காப்பி சிந்திய கம்பளம்

புளிச்சிக்காயைக் குறுக்கே அரிந்தபோது பீய்ச்சியடித்த சாறு கண்ணில் பட, "ஐயோ" என்று கத்திக்கொண்டே பாவாடையில் முகத்தைத் துடைத்தேனே, அந்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது: அக்காவின் வெள்ளைத் தாவணியில் பிடித்த இரும்புக்கறையை இதே காயைத் தேய்த்துத்தானே அம்மா போக்கினாள், காப்பிக்கறை மட்டும் என்ன பெரிய கொம்பா? மீன்கறிக்கு வைத்திருந்த காய் அத்தனையையும் வாரிக்கொண்டு முன்னறைக்கு ஓடினேன். அங்கே நனைந்த கம்பளி, மழையில் நின்ற ஆட்டைப் போல நாறிக்கொண்டிருக்க, அதன் பக்கத்தில் அம்மா குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தாள்.

அது எங்கள் கம்பளம் அல்ல. அடுத்த வீட்டு பார்கவி மாமியுடையது. நல்ல சிவப்பில், ஓரமெல்லாம் பூவேலை செய்த அதை எங்கள் வீட்டில் "காப்பெட்டு" என்போம். அக்காவின் கல்யாண நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார வேண்டுமே என்று மாமி அதைச் சுருட்டித் தந்திருந்தாள், அதுவும் தன் கணவருக்குத் தெரியாமல். எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த வருடங்கள் அவை. எங்கள் தாலுகா மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேரவேண்டும் என்று பள்ளி ஆசிரியரான அப்பா கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தார். தாலுகா ஆபீசில் வேலைபார்த்த மாமியின் கணவர் மாதவன் மாமாவோ கூடவே கூடாது என்பவர். பாறசாலைச் சந்தைக்கு ஒன்றாகவே போய்வந்த இருவரும் ஒரு வருடமாக முகம் பார்ப்பதில்லை. பெண்கள் இருவர் மட்டும் மதில்வழியே கறிவேப்பிலையும் ஊர்க்கதையும் கைமாற்றிக்கொண்டு அந்த உறவை உயிரோடு வைத்திருந்தார்கள். மாமா வேலையாகக் காட்டாக்கடை போயிருந்தார், சனிக்கிழமை வருவார். அதற்குள் கம்பளம் வந்த மாதிரியே திரும்பிப் போகாவிட்டால் மிச்சமிருந்த அந்தப் பேச்சும் நின்றுபோகும் என்பதுதான் அம்மாவின் அழுகை.

சிந்தியவர் தங்கையன் சித்தப்பா. மாப்பிள்ளை வீட்டார் போன அன்று சாயங்காலமே அப்பாவின் போராட்டக் கூட்டாளிகள் நாலு பேர் வந்து அதே கம்பளத்தில் சம்மணமிட, சித்தப்பா காப்பித் தம்ளர்களை ஊர்களாக நிறுத்தி எல்லையை விளக்கினார். "இன்னா, இது பனச்சமூடு. இது குளத்தூர். இது நெய்யாற்றின்கரை, இதை இப்பிடி நம்ம பக்கம் இழுக்கணும்."

"எலே, அதுல காப்பி உண்டு!" என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் நெய்யாற்றின்கரை கவிழ்ந்துவிட்டது.

"எல்லையைப் பொறவு இழுக்கலாம், முதல்ல ஒரு துணி எடுங்க" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்திருந்தாள். அது தப்பு, சோப்பு காப்பிக்கறையைக் கம்பளியில் இன்னும் அழுத்தமாகப் பிடிக்கவைக்கும் என்பதைப் பின்னால் கல்லூரியில் வேதியியல் படிக்கும்போதுதான் அறிந்தேன். என் புளிச்சிக்காய்ச் சாறோ வேலை செய்தது! வெள்ளைத்துணியில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுக்க, பழுப்பு துணிக்கு ஏறியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பத்து வயதில் யார் நிறுத்துகிறார்கள்? தேய்த்தேன், மேலும் தேய்த்தேன், கையகலத்துக்குக் கம்பளத்தின் சிவப்பும் சேர்ந்து கிளம்பி வந்துவிட்டது. நிறையத் தண்ணீர் விட்டு அலசவும் பயம், சனிக்கிழமைக்குள் காயாதே. "லேசா வெளுத்ததுதான், மூலையில போட்டா தெரியாது" என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு அம்மா சுருட்டிக் கொடுத்தாள்.

எங்கள் வீட்டுக் காப்பி கருப்பட்டிக் காப்பி என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. நிறம் போனது, இனிப்பு கம்பளிக்குள்ளேயே இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த என்னை பார்கவி மாமி மதிலோரம் கைகாட்டிக் கூப்பிட்டாள். உள்ளே, விரித்த கம்பளத்தில், வாசலிலிருந்து அந்தத் திட்டு வரைக்கும் "உறும்பு" வரிசை.

"மோளே, சத்யம் பறயணும்" என்றாள் தாழ்ந்த குரலில். "எங்க வீட்டில கருப்பட்டி இல்ல. இது ஆரு சிந்தின காப்பியாக்கும்?"

தம்ளர் ஊர்கள் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்ட நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது: "எந்தாடி அவிடே?"

"ஒண்ணுமில்ல, ஞான் கொஞ்சம் காப்பி சிந்திப்போட்டேன்." அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவள் கை என் தோளை அழுத்திப் பிடித்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து அக்கா கல்யாணத்துக்கு, அம்மா கேட்காமலே, அதே கம்பளம் வந்தது; கூடவே மாதவன் மாமாவும் வந்தார். எப்படித் திருப்பிப் போட்டாலும் வெளிறிய திட்டு கண்ணை உறுத்த, மேலே பாய் போடுவதா பூச்சாடி வைப்பதா என்று அம்மா தவித்துக்கொண்டிருக்கையில், மாமா நேரே வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே, ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, அப்பாவிடம் சொன்னார்: "இந்த இடம் எனக்காக்கும். சாரும் கூட்டாளிகளும் எல்லையை வேற எங்கயாவது இழுக்கட்டு."

தம்ளர் ஊர்க்கதையை மாமி பிறகு அவரிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா தானே அடுக்களைக்குப் போய் அவருக்குக் காப்பி எடுத்துவந்தார்.

கடைசியில் எல்லை எங்களுக்குத் தெற்கே விழுந்தது, எங்கள் தாலுகா மலையாளப் பக்கமே நின்றுவிட்டது. அப்பா கேட்டது கிடைக்கவில்லை. கூட்டங்களும் இப்போது இல்லை. மாமா மாற்றலாகிக் காட்டாக்கடைப் பக்கம் போய்விட்டார். அவர்கள் வீடு இன்று யாரோ ஒருவரின் தேங்காய்க் கிடங்கு. போகும்போது மாமி கம்பளத்தை எங்களுக்கே விட்டுப்போனாள். "நீயல்லே கேடாக்கினது, நீதான் சரியாக்கணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

குடிதண்ணீரில் போட்டுக் காய்ச்சும் பதிமுகக் கட்டையோடு படிகாரம் சேர்த்தால் கம்பளியில் நல்ல சிவப்பு ஏறும் என்று படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "கிடக்கட்டும் மக்கா, அது மாமா வந்து இருந்த இடமாக்கும்" என்கிறாள் அம்மா. அதனால் கம்பளத்தைத் தொடவில்லை. அந்தத் திட்டிலிருந்து ஒரே ஒரு இழையை மட்டும் உருவி வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் அதைச் சாயத்தில் போடுவேன். நிறம் ஏறினால் காய்ந்த இழையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு காட்டாக்கடை பஸ் ஏறி, மாமா மாமி இருவரிடமும் காட்டுவேன். அவர்கள் சரி என்றால்தான் மிச்சத் திட்டுக்கும் சாயம்.