ஆட்டோ ஸ்டாண்டை நகர்த்திய வாரம்

என் வீட்டுக்காரர் மட்டாஞ்சேரி பஜார் முனையில் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு மழைக்காலம் முடிந்ததும் அதே முனையில் எனக்கு ஆட்களை எண்ணும் வேலை கிடைத்தது. நடப்பவர், சைக்கிள்காரர், பஸ் ஏறுபவர், வண்டி ஓட்டுபவர் எல்லாருக்கும் இடம் கிடைக்கிற மாதிரி தெருவை மாற்றப் போகிறார்கள் என்று திட்டம் வரையும் இன்ஜினியர் பெண் சொன்னாள். படிவத்தில் நான்கு கட்டம், தலைப்பெல்லாம் மலையாளம். தமிழைவிட எனக்கு அதுதான் வேகமாக வரும்.

மிளகுக் கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எதிரே ஆட்டோ வரிசையில் அவர். சவாரி கிளம்பும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து, "என்னைச் சேர்த்தாச்சா?" என்று கேட்பார். நான் பேனாவைத் தூக்கிக் காட்டுவேன்.

இரண்டாம் நாள்தான் ஒன்றைக் கவனித்தேன். பஸ்ஸை விட்டு இறங்குகிற பெண்கள் பையும் பிள்ளையுமாக நடைபாதைக்கு வரப் பார்ப்பார்கள். ஆட்டோ வரிசை மறித்து நிற்கும். லாரி வருகிற பக்கமாகவே சுற்றிப் போவார்கள். எத்தனையோ வருஷமாக நான் போய்வரும் முனை அது. அவர் வண்டி நிற்கிறதா என்று மட்டுமே பார்த்துப் பழகிவிட்டேன் போல. கண்டதைப் படிவத்தின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

அடுத்த மாதம் ஒரு வாரப் பரிசோதனை. சுண்ணாம்புக் கோடு போட்டு, ரப்பர் கூம்புகள் வைத்து, ஆட்டோ ஸ்டாண்டைப் பின்பக்கச் சந்துக்கு மாற்றினார்கள். சவாரி குறைந்தது. ஒரு மூத்த ஓட்டுநர் எல்லார் முன்னாலும் என் வீட்டுக்காரரிடம், "உன் வீட்டுக்காரி எண்ணி எண்ணி நம்மளை ஒளிச்சு வச்சுட்டா" என்றாராம்.

அன்று சாயங்காலம் வீட்டில் இவர் சாயாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "நீ என்ன எழுதின?"

"பார்த்ததை எழுதினேன்."

"ஆட்டோக்காரன் எங்க நிப்பான்னு எழுதினியா?"

"அதுக்குக் கட்டம் இல்லைங்க."

"கட்டம் இல்லேன்னா வாயால சொல்லலாமே."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. அவர் சொன்னது நியாயம்.

காலையில் இன்ஜினியர் பெண்ணிடம் போய், சந்தில் சவாரி குறைந்துவிட்டதைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. ஆனால் அன்றே ஸ்டாண்டுக்கு வந்து நின்றாள். ஓட்டுநர்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் நான்கு கூம்புகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, மூடிக் கிடந்த வேறொரு கிடங்கின் நீளமான சுவரோரம் வைத்தார்.

"இங்க நிக்கட்டும் மேடம். பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரா எங்களைப் பார்ப்பாங்க. நடைபாதையும் மறையாது."

அவள் டேப் பிடித்து அளந்தாள். மறுமுனையை நான் பிடித்தேன். இடம் போதும். ஆனால் எல்லா வண்டியும் அடங்காது, இரண்டு மட்டும் சந்திலேயே நிற்க வேண்டும் என்றாள். முறை வைத்து நிற்பதாக ஓட்டுநர்களே பேசி முடித்தார்கள். மூத்தவர் மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே, "மோளே, ஒரு சாயா குடி" என்று மகளைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்.

இப்போது கல் பதித்து நடைபாதை போட்டுவிட்டார்கள். ஒரு சாக்கடை மூடி மேலே துருத்திக்கொண்டிருக்கிறது. சைக்கிள்காரர்கள் தங்களுக்குப் போட்ட கோட்டைத் தாண்டிச் சில சமயம் நடைபாதையில் ஏறுகிறார்கள். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் லாரிப் பக்கம் போவதில்லை.

தெருவில் யாருக்கு என்ன குறை என்றாலும் இவரிடம் சொல்கிறார்கள். இவர், "என் வீட்டுக்காரிகிட்ட சொல்லு, அவ எழுதிடுவா" என்று பெருமையாக என்னைக் கைகாட்டி விடுகிறார். போன வாரம் கைவண்டி இழுக்கும் ஒரு சேட்டன் வந்தார். நடைபாதையின் கல் விளிம்பில் மூட்டையோடு வண்டி ஏறவில்லையாம், அங்கே ஒரு சரிவு வேண்டுமாம். எந்த இடம் என்று அவரோடு போய்ப் பார்த்து, அளந்து, இன்ஜினியர் பெண்ணிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.