இணைப்பு: அறுந்த பெல்ட் ஒன்று

"அரசுக் குடியிருப்பிலுள்ள இயந்திரம் பழுதானால், குடியிருப்பவர் அதைத் திறக்கலாகாது. பழுதான பாகத்தைக் கழற்றி, மனுவுடன் இணைத்து அனுப்ப வேண்டும். அவசரமென்று குறித்த மனுவுக்கு ஏழு நாளுக்குள் பதில் தரப்படும்."

எங்கள் இலாகாவின் குடியிருப்பு விதிகளில் இது பதினான்காவது. திறக்காமல் கழற்றுவது எப்படி என்று விதி சொல்லவில்லை. அதற்காக நான் யாரையும் குறைசொல்ல முடியாது. விதியை எழுதியவன் நான்.

அணை வேலைக்கு ஆலோசனை சொல்லத் திருவனந்தபுரம் வந்த ஓர் அமெரிக்க எஞ்சினியர், தம் மனைவிக்காகக் கப்பலில் ஒரு துணி உலர்த்தும் இயந்திரத்தை வரவழைத்திருந்தார். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையை ஒருமுறை பார்த்த அந்த அம்மாள் அடுத்ததைப் பார்க்க இருக்கவில்லை. அவர்கள் போன பிறகு பங்களாவை இரண்டாகத் தடுத்து, பின்பாதியை எனக்கு ஒதுக்கினார்கள். இயந்திரமும், அதற்கென்று தனியாக வந்த மின்மாற்றியும் பின்பாதியில் இருந்தன. தூக்க ஆள் கிடைக்காததால் அவற்றையும் என்னோடு குடிவைத்தார்கள். சாமான் பட்டியலில் நாற்காலி நான்கு, கொசுவலைக் கம்பு எட்டு, துணி உலர்த்தி ஒன்று. முதல் வருஷம் அதன்மேல் ஊறுகாய் ஜாடி வைத்திருந்தோம்.

1952 ஆடியில் எங்கள் பெண் எட்டாம் மாதத்திலேயே பிறந்தாள். ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனார்கள். டாக்டரம்மா மட்டும் வேறு மாதிரி சொன்னார்: "ஈரத்துணி ஒரு நிமிஷம் உடம்பில் இருக்கக்கூடாது. சாம்பிராணிப் புகையும் கூடாது. இந்த மழை முடியும்வரை பார்த்துக்கொண்டால் பிழைத்துவிடுவாள்." கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாமல் பூசணவாடை வீசிய மாதம் அது. ஊறுகாய் ஜாடியை இறக்கினோம். அமெரிக்க இயந்திரம் குழந்தைத் துணிகளை வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

பதினோராம் நாள் புண்யாகவாசனம்; அதற்கு மறுநாள் பெல்ட் அறுந்தது. மோட்டார் முனகியது, உருளை நகரவில்லை.

அறுந்த முனை பின்பக்க இடுக்கு வழியே வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. இழுத்தேன், வந்தது. ஆகவே நான் திறக்கவில்லை. மனு மூன்று பிரதி எடுத்தேன். 'மிக அவசரம்' என்று சிவப்புச் சீட்டு வைத்தேன். பெல்ட்டைச் சுருட்டி, நாடாவால் கட்டி, 'இணைப்பு ஒன்று' என்று சீட்டு ஒட்டி, அன்றே தபாலில் சேர்த்தேன். எங்கள் இலாகாவுக்கு அதைவிட ஒழுங்கான மனு போயிருக்காது என்று இன்றும் சொல்வேன்.

பிறகு லீவு போட்டுவிட்டு, கரிப்பெட்டியை வைத்துக்கொண்டு ஈரத்துணிகளைத் தேய்த்துத் தேய்த்துக் காயவைத்தேன். துணிகள் பழுப்பேறின, ஓரங்கள் ஈரமாகவே இருந்தன. ஐந்தாம் நாள் குழந்தை தும்மியது. ஒரே ஒரு தும்மல்தான். என் மனைவி எழுந்து வந்தாள்.

"ஏன்னா, அந்த பெல்ட்டை எடுங்கோ. தைச்சுப் பார்க்கலாம்."

"அது ஃபைலோட போயிடுத்து."

"எது போயிடுத்து?"

"இணைப்பு ஒண்ணு."

"அளவாவது எடுத்து வச்சேளோ?"

அளவெடுக்கும்படி விதியில் இல்லை. இதை அவளிடம் சொல்லியும் விட்டேன்.

"எந்தப் புண்யவான் எழுதின விதி அது?" என்றாள். எந்தப் புண்யவான் என்று அவளுக்குத் தெரியும். விதி அச்சாகி வந்த அன்று பாயசம் வைத்தவளே அவள்தான்.

பூஜைப் பெட்டியில், செலாவணி போன ஒரு திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு கிடந்தது. அதை எடுத்துவந்து, இயந்திரத்தின் பின்தகட்டுத் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ராஜ்யம் அச்சடித்த காசு ராஜ்யத்தின் சொத்தைத் திறந்ததை நான் அருகிலிருந்து, கையில் கரிப்பெட்டியோடு, பார்த்தேன். உருளையையும் மோட்டார் சக்கரத்தையும் சுற்றி ஒரு நூலை இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டாள். அதை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுக்கு நம்பர் போட்டு எங்கேயும் அனுப்பிடாதேங்கோ."

பழவங்காடியில் தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் நூலை விரலில் மாட்டித் தூக்கிப் பார்த்தார்.

"சாரே, பழைய பெல்ட் எவிடெ?"

"ஆபீஸுக்கு அனுப்பியிருக்கு."

"பெல்ட்டினு ஆபீஸில் எந்தா ஜோலி?"

ஆபீஸில் பெல்ட்டுக்கு என்ன வேலை என்ற அந்தக் கேள்விக்கு நான் ஓய்வு பெறும்வரை விடை கிடைக்கவில்லை. அவர் மாவு மில் பட்டை ஒன்றை மெல்லிசாக வார்ந்து, நூலின் அளவுக்கு வெட்டி, இரண்டு முனைகளையும் கம்பிக் கொக்கியால் சேர்த்துக் கொடுத்தார். பூட்டியவள் மனைவி. விளக்குப் பிடித்தவன் நான். உருளை சுற்றியது. கொக்கி மோட்டார் சக்கரத்தைத் தாண்டும்போதெல்லாம் ஒரு 'டக்' கேட்டது. அன்று மாலை குழந்தைக்குச் சூடான, ஓரமெல்லாம் காய்ந்த துணி கட்டினாள். மறுபடி தும்முகிறதா என்று இருவரும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். தும்மவில்லை.

அதற்குப் பிறகுதான் என் சிக்கல் ஆரம்பித்தது. இயந்திரம் ஓடுகிறது என்று எழுதினால் திறந்தது யார் என்று கேட்பார்கள். எழுதாமல் விட்டால், அவசரமென்று குறித்த மனுவை மனுதாரரே மறந்துவிட்டார் என்றாகும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இயந்திரம் ஓடவில்லை, பதிலை எதிர்பார்க்கிறேன் என்று நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுவேன். மழைக்காலமானால் பின்னறையிலிருந்து 'டக், டக்' என்று கேட்டுக்கொண்டிருக்கும். என் சர்வீஸில் நான் எழுதிய பொய்கள் அவை மட்டுமே. ஒன்றுக்கும் பதில் வராததால் அவை யாரையும் ஏமாற்றவில்லை என்பது என் கட்சி.

நான்கு வருஷம் போயிற்று. நவம்பர் முதல் தேதி திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம் இல்லாமலாகிக் கேரளம் வந்தது. ஆபீஸ்களில் அலமாரிகளைக் காலிசெய்தார்கள். இரண்டு நாள் கழித்து, ஐப்பசித் துலாவர்ஷ மழையில் வாசலில் குதித்துக்கொண்டிருந்த என் பெண், தபால்காரர் கையிலிருந்து ஒரு கனத்த உறையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அப்பா, உள்ளே பாம்பு மாதிரி சுருண்டிருக்கு!"

"முதல்ல பாவாடையை மாத்துடி," என்று உள்ளிருந்து அம்மா சத்தம் போட்டாள். எட்டில் பிறந்தவள் காதில் வாங்கவில்லை, தும்மவும் இல்லை.

உறைக்குள், நாடா அவிழாமல், இணைப்பு ஒன்று. கூடவே இல்லாத ராஜ்யத்தின் முத்திரை போட்ட தாளில் நாலு வரி: இந்த அலுவலகம் கலைக்கப்படுவதால் மேல்நடவடிக்கை எடுக்க இயலாது. இணைப்பு திருப்பி அனுப்பப்படுகிறது. புதிய ராஜ்யத்தின் உரிய அதிகாரிக்கு, பதினான்காம் விதிப்படி, அறுந்த பாகத்தை இணைத்து மீண்டும் மனுச் செய்துகொள்ளலாம்.

பெல்ட்டைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில், கடிதம் வந்த தேதியை அதன் மூலையில் குறித்தேன்: 1956 நவம்பர் 3.