தபாலாபீஸ் மணி

எங்கள் எஸ்டேட் கடிகாரம் ஊர்க் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். ஆட்கள் விடியும்போதே வேலைக்கு வந்து நிற்க வேண்டும் என்று எஸ்டேட் துரை செய்த ஏற்பாடு. தினமும் அந்த நேரத்துக்கு மணியடித்து ஆட்களைக் கூட்டுகிறவனே நான்தான். அப்படியும் அந்த ஞாயிற்றுக்கிழமை புத்தி கெட்டுப்போனேன்.

ஆறு வயது மகள் வள்ளியோடு எஸ்டேட் லாரியில் மூணாறு சந்தைக்கு வந்திருந்தேன். லாரி திரும்புவது மூன்று மணிக்கு. புதுப் பாக்கெட் கடிகாரத்தை, சர்க்கார் மணியாயிற்றே என்று தபாலாபீஸ் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டேன். அதில் என்ன பெருமை எனக்கு! இரண்டே முக்காலுக்கு வந்தால் லாரியைக் காணோம்.

"எஸ்டேட் மணிக்குக் கிளம்பிட்டான் அண்ணாச்சி. போயி முக்கா மணி நேரமாச்சே," என்றார் டீக்கடைக்காரர்.

மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, எஸ்டேட்டுக்குப் போகும் மாட்டுப்பட்டிப் பாதையில் நடந்தேன். பாதி வழியில் பனிமூட்டம் இறங்கியது. வளைவில் கிளை முறியும் சத்தம். இருபதடி தள்ளி ஒரு கொம்பன் யானை நின்றது. புதருக்குள் படுத்து வள்ளியின் வாயைப் பொத்தினேன். சட்டைப்பையில் கடிகாரம் டிக் டிக் என்று அடித்தது. யானைக்குக் கேட்டுவிடுமோ என்று பையோடு சேர்த்து அதை ஈரமண்ணில் அழுத்திப் பிடித்தேன்.

யானை போனபின் வள்ளி கிசுகிசுத்தாள்: "அப்பா, மணி என்ன? அம்மா தேடுமே."

எந்த மணியைச் சொல்ல? அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும், திருப்பிக் கூட்டிப்போகிறவன் எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறான் என்று முதலில் கேட்டுவிடுகிறேன். ஆனாலும் அந்த டிக் டிக் காதில் விழுந்தால் என் கை தானாகப் பையை அழுத்துகிறது.