வாய் எண்ணும் வேலை

ஐவிக்குச் சம்பளம் கொடுத்தது வாய்களை எண்ணுவதற்கு. ஜப்பான் கார்ட்டூனை அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றுகிற ஒரு கம்பெனி, மைசூர் சரஸ்வதிபுரத்து மாடியறை ஒன்றுக்குக் கேசட் அனுப்பும். ஒவ்வொரு வசனத்துக்கும் பொம்மை எத்தனை தரம் வாயைத் திறந்து மூடுகிறது என்று ஐவி படத்தை நிறுத்தி நிறுத்தி எழுதுவாள். அந்தக் கணக்குக்குள் அடங்குகிற மாதிரி அவர்கள் இங்கிலீஷ் எழுதிக்கொள்வார்கள். சாயங்காலத்துக்குள் கண் பூத்துவிடும். பஸ்ஸில் எதிரே பேசுகிறவள் வாயையும் மனசு எண்ணும், சனியன்.

சாராயம், ரத்தம், சாவு வந்தால் குறி போட வேண்டும். அமெரிக்கா போனதும் சாராயம் பழரசமாகும், சோற்றுருண்டை பன்னாகும், செத்தவர்கள் வெளியூர் போவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அப்படி மறைத்த படம்தான் சனிக்கிழமை காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பி டிவி முன்னால் உட்கார வைத்தது.

வீட்டிலும் ஐவிக்கு அதே பிழைப்பு. புருஷன் கார்ல் மஸ்கட்டில் கட்டடச் சாரம் சரிந்து செத்து இரண்டு வருஷம், அங்கேயே அடக்கம். மகள் கேரலுக்கு அப்போது ஆறு வயது. அன்றைக்குச் சொல்ல நா எழவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, மாசாமாசம் அவளே கார்ல் மாதிரி லெட்டர் எழுதி, ஆபீசுக்கு வந்ததாகப் படித்துக் காட்டினாள். எழுதி எழுதிச் சலித்துவிட்டது. ஆனால் உண்மையைச் சொன்னால் பிள்ளை இனி தன் முகத்திலேயே விழிக்காது என்று பயம்.

தொண்ணூற்றொன்பது டிசம்பரில் முதலாளி மஞ்சுநாத் ஆளுக்கொரு கேசட் கொடுத்தார், வேலை முடிந்த படம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாயும் மகளும் பார்த்தார்கள். படத்தில் ஒரு பையன் அம்மா படுத்திருந்த வெறும் பாய் முன்னால் நிற்கிறான். அம்மா வெளியூர் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று இங்கிலீஷில் சொல்கிறான். வசனத்தை மாற்றியவர்களால் அவன் கண்ணீரை மாற்ற முடியவில்லை.

“அவங்கம்மா செத்துட்டாங்க மம்மி,” என்றாள் கேரல்.

வெளியூர் என்றுதானே சொல்கிறான் என்றாள் ஐவி.

“சும்மா சொல்றான்.” கேரல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “போன மாசம் கல்லறைத் திருநாளுக்கு ஸ்கூல்ல எங்களைச் சர்ச்ல கன்னடப் பூசைக்குப் பாடக் கூட்டிட்டுப் போனாங்க. செத்தவங்க பேர் படிச்சப்போ கார்ல் சவரிமுத்துன்னு படிச்சாங்க.”

ஐவி படத்தை நிறுத்தினாள். கார்ல் ஆன்மாவுக்கு ஒரு ஜெபம்கூட இல்லாமல் விட மனசு வரவில்லை. தாங்கள் போவது தமிழ்ப் பூசைக்குத்தானே என்று கன்னடப் பூசையில் பேர் கொடுத்திருந்தாள், பாவி.

“ஏண்டி எங்கிட்டக் கேக்கல?”

“நீ ஆபீஸ்லேர்ந்து வந்து, ராத்திரி நான் தூங்கிட்டேன்னு நினைச்சு, கண்ணைக் கசக்கிக்கிட்டு அந்த லெட்டரை எழுதறே. பாவமா இருந்துச்சு. இந்த மாசம் எழுதாதே மம்மி, தூங்கு.”