சனிக்கிழமைப் பாடு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். என் தொழிலுக்கு அது தோதுதான். பிறந்தநாள் வீடுகளில் சிவப்பு மூக்கு மாட்டிக்கொண்டு குழந்தைகளைச் சிரிக்க வைப்பவன் நான். வீடு மீஞ்சூரில். கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை போனபிறகு பலூனில் நாய்க்குட்டி முறுக்கக் கற்றுக்கொண்டேன். அதோடு கொஞ்சம் மேஜிக், ஒரு விக், சோப்புக் குமிழி ஊதும் மெஷின். இவ்வளவுதான் என் முதலீடு. பொன்னேரி, அனுப்பம்பட்டு, பழவேற்காடு, லைட்ஹவுஸ் குப்பம் என்று ஸ்கூட்டரிலேயே போய் வருவேன்.

இந்தத் தொழிலில் குழந்தைகளால் ஒரு தொல்லையும் இல்லை. எல்லாத் தொல்லையும் பெரியவர்களால்தான். ஐந்து மணிக்கு வா என்பார்கள். போனால் வீட்டுக்காரம்மா அப்போதுதான் தலைக்குக் குளிக்கப் போயிருப்பார். கேக் வந்திருக்காது. கேக் வந்துவிட்டால் தாய்மாமன் வந்திருக்க மாட்டார். அவரும் வந்துவிட்டால் போட்டோக்காரரைக் காணோம் என்பார்கள். அதுவரைக்கும் முகத்தில் பூசிய வெள்ளைச் சாயம் வியர்வையில் கரைந்து கழுத்துக்கு இறங்க, நான் தெருவோரம் தண்ணீர் டேங்க் நிழலில் நின்றுகொண்டிருப்பேன். போகிறவன் வருகிறவனெல்லாம், "இன்னா ஜோக்கரு, இன்னும் கெளம்பலியா?" என்று கேட்டுவிட்டுப் போவான். ஆடும்போது எனக்கு வெட்கமே கிடையாது, ஆனால் அந்த வேஷத்தில் சும்மா நிற்கும்போது உடம்பு கூசும். வெற்றிலை பாக்குக் கடையில் போய் ஒரு தண்ணீர் பாக்கெட் வாங்கக்கூட கால் வராது.

ஒருமுறை பொன்னேரியில் இப்படித் தாய்மாமனுக்காக நின்று நின்றே, அன்றைக்கு மீஞ்சூரில் ஒத்துக்கொண்டிருந்த இன்னொரு வீட்டுக்குப் போக முடியாமல் போயிற்று. அந்த வீட்டுக் குழந்தை அழுத அழுகையை அதன் அம்மா போனை நீட்டி எனக்குக் கேட்க வைத்தார். அதிலிருந்து கறாராகிவிட்டேன். அரை மணி நேரம் பொறுப்பேன், அதற்குமேல் தாமதமானால் விளையாட்டுகளில் வெட்டு விழும். தேதியை ஒரு தடவைதான் மாற்றலாம். புக்கிங் வாங்கும்போதே இதையெல்லாம் சொல்லிவிடுவேன். நின்று பட்ட அவமானத்துக்கெல்லாம் சேர்த்துக் கொஞ்சம் அதிகாரமாகவே சொல்வேன்.

ஏரியை ஒட்டின ஒரு குப்பத்திலிருந்து ஒரு பெண் என்னை அழைத்தபோதும் அப்படித்தான் சொன்னேன். அவர் மகளுக்கு ஆறு வயது முடிகிறது. "சரிண்ணே, சரிண்ணே" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற குரல். தேதி குறித்தோம். அந்த வாரம் குப்பத்தில் ஒரு சாவு விழுந்துவிட்டது. மேளம், பலூன் எல்லாம் இப்போது வேண்டாம், அடுத்த சனிக்கிழமை வைத்துக்கொள்கிறோம் என்றார். சாவு என்றால் என்ன பேச முடியும்? ஒத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடியும் போன். நான் மீஞ்சூர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சரக்கு ரயில் போய்க்கொண்டே இருக்கிறது, முன்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டேன் என்கிறான்.

"அண்ணே, நாளைக்கு எங்களுக்குப் பாடு வந்துட்ச்சுண்ணே. அத வுட முடியாது. நாயித்துக்கெழம வச்சுக்கலாமாண்ணே?"

இங்கேதான் நான் மண்ணைக் கவ்வினேன். மீஞ்சூர்க்காரனுக்கு ஏரியைத் தெரியும், ஏரிக்காரர்கள் பேச்சு தெரியாது. பழவேற்காட்டு ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். நினைத்தவர்கள் நினைத்த நேரத்தில் போய் அங்கே வலை கட்டிவிட முடியாது. குப்பத்து ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து, இன்றைக்கு உங்களுக்கு, நாளைக்கு எங்களுக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தன் பாடு வரும் நாளில் போகாதவனுக்கு அன்றைய இறாலில் பங்கு கிடையாது. அது மறுபடி சுற்றி வருவதற்குள் ஏரியில் இறால் இருக்குமோ இருக்காதோ, யார் கண்டார்கள்? அந்தப் பெண் சொன்னது அதைத்தான். அவர் புருஷனுக்குச் சனிக்கிழமை பாடு.

எனக்குக் கேட்டது பாட்டு.

பாட்டு என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் இருக்கிறது. ஒரு ஸ்பீக்கர் பெட்டியையும் மைக்கையும் வைத்துக்கொண்டு பொன்னேரிப் பக்கத்தில் ஒருவன் புதிதாகக் கிளம்பியிருந்தான். பிறந்தநாள் வீடுகளில் போய்ப் பாடுவான், கூட ஒரு பையன் ஆடுவான். எனக்கு வரவேண்டிய வீடுகள் இரண்டு மூன்று அவனிடம் போய்விட்டிருந்தன. இவர்களும் அவனைக் கூப்பிட்டுவிட்டு, என்னை மறுநாளுக்குத் தள்ளுகிறார்கள் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். ஒரு வார்த்தை, "இன்னாம்மா அது?" என்று கேட்டிருக்கலாம். எங்கே கேட்டேன்!

"பாட்டுதான் வந்துட்ச்சே, அப்புறம் நான் எதுக்கும்மா?" என்று கத்தினேன். "என்ன இன்னான்னு நெனச்சுக்கினு இருக்கீங்க? நீங்க கூப்டா வர்றதுக்கும், போன்னா போறதுக்கும் நான் இன்னா உங்க வூட்டு வேலக்காரனா? குப்பத்துல யாருக்குமே டைம்னா இன்னான்னு தெரியாதா? நாயித்துக்கெழம ஃபுல்லு. நாளைக்குன்னா நாளைக்கு. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கங்க."

அந்தப் பக்கம் யாரிடமோ ஏதோ கேட்டார். பிறகு, "சரிண்ணே, நாளைக்கே வந்துடுங்க" என்றார். ரயிலும் போய் முடிந்தது, கேட்டைத் திறந்தார்கள். சொன்னேன் பார் என்கிற திருப்தியோடு வண்டியைக் கிளப்பினேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு புக்கிங்கும் இல்லை. வீட்டில் படுத்துக் கிடக்கப் போகிற நாள் அது.

மறுநாள் சண்டைக்குப் போகிறவன் மாதிரிதான் போனேன். நான் முதலா, பாட்டுக்காரன் முதலா என்று ஒரு கை பார்த்துவிடுவது என்று வழி நெடுக மனசுக்குள் வசனம் பேசிக்கொண்டே போனேன். குப்பத்துக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, சாயம் பூசி, விக்கை மாட்டிக்கொண்டேன். வீடு சின்னது. வாசலில் துணிப்பந்தல், கலர் பேப்பர், பிளாஸ்டிக் நாற்காலிகள். ஸ்பீக்கரைக் காணோம், மைக்கையும் காணோம். பெண்களும் குழந்தைகளுமாக நிறைய பேர் இருந்தார்கள். ஆண்கள் மட்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம் போல.

"பாட்டுக்காரங்க எங்கம்மா?" என்று எகத்தாளமாகக் கேட்டேன்.

வாசலில் உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பாட்டுக்காரங்க?"

"அதாம்மா, நேத்து போன்ல சொன்னாங்களே, பாட்டு வந்துட்ச்சுன்னு."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பூவைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அய்ய, நீ ஒண்ணு! பாட்டு இல்ல நைனா, பாடு! ஏரில வல கட்டப் போற பாடு! எங்க கூட்டத்து ஆம்பளைங்க அல்லாரும் மத்தியானமே பூட்டாங்க, விடிஞ்சாத்தான் வருவாங்க. இவரு ஒருத்தருதான் நீ வர்றன்னு போவாம நின்னுட்டாரு" என்று பந்தலுக்குள் கையைக் காட்டினார்.

அங்கே சலவை மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குழந்தையின் அப்பா. உட்காரத் தெரியாதவர் போல இரண்டு கைகளையும் முட்டியில் வைத்துக்கொண்டு ஏரிப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பாடு என்றால் என்ன, போகாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் அந்த அம்மாதான் பூவை எடுத்துத் தொடுத்தபடியே எனக்கு விளக்கினார். சுற்றி இருந்த பெண்களிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இவ்வளவு பேருக்கு நடுவில் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் பலூன் பம்பை எடுத்து வைத்துக்கொண்டு அதில் இல்லாத தூசியைத் துடைத்தேன்.

நான் போனில் பேசிய வீட்டுக்காரம்மா உள்ளேயிருந்து ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குரலை வைத்து நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. "ஏம்மா, பாடுன்னா இன்னான்னு வெவரமா சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அப்போதும் பழியை அவர் மேல்தான் போடப் பார்த்தேன், பாருங்கள்.

"நீங்க எங்கண்ணே சொல்ல வுட்டீங்க?" என்றார். குரலில் கோபமே இல்லை. என்னைப் பார்க்காமல் சொம்பை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குக் கேக் வர நேரமாயிற்று. பொன்னேரியிலிருந்து வாங்கி வரப் போன ஆள் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாராம். என் அரை மணி நேரக் கணக்கெல்லாம் காற்றில் போயிற்று, நான் வாயே திறக்கவில்லை. குழந்தையின் அப்பாதான் தவித்துப்போய் என்னிடம் வந்து, "கோச்சுக்காதண்ணே, இதோ வந்துரும்" என்றார். அவர் என்னிடம் கெஞ்சக் கெஞ்ச நான் குன்றிப்போனேன்.

"ஒண்ணும் அவசரமில்ல," என்றேன். "நீங்க இப்பக் கெளம்பினா புடிச்சுரலாமா? நான் நாளைக்கு வரேன். நெசமாத்தான் சொல்றேன், நாளைக்கு வந்து செய்றேன்."

அவர் சிரித்தார். "இந்நேரம் வல கட்டி முடிச்சிருப்பாங்க. எனக்குப் பதிலா வேற ஆள ஏத்திக்கினு பூட்டாங்க. இனிமே போயி நின்னா நல்லாவா இருக்கும்? வுடு." பிறகு, "நாளைக்குத்தான் உனக்கு ஃபுல்லாச்சே" என்றார்.

கேக் வந்தது, வெட்டினார்கள். முதல் துண்டை அந்தப் பாப்பா அப்பாவுக்கு ஊட்டினாள். ஊட்டிவிட்டு அவர் மடியில் ஏறி உட்கார்ந்தவள்தான், இறங்கவே இல்லை. நான் ஆரம்பித்தேன். அன்றைக்குச் செய்த மாதிரி மட்டமாக நான் எந்த வீட்டிலும் செய்ததில்லை. பலூன் கையில் வெடித்தது. ஒளித்து வைத்த கைக்குட்டை சட்டைக் கையிலிருந்து தானாக எட்டிப் பார்த்தது. அதையும் வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்துக் குழந்தைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். வழக்கமாகச் செய்வதோடு வைத்திருந்த பலூன் எல்லாவற்றையும் முறுக்கிக் கொடுத்தேன், குமிழி மெஷினில் தண்ணீர் தீரும்வரை ஊதினேன். பாப்பாவை முன்னால் கூப்பிட்டால் வரவில்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அவரும் வந்தால்தான் வருவேன் என்றாள். இரண்டு பேருக்கும் பலூன் கிரீடம் வைத்தேன். அந்த மனிதர் கூச்சத்தோடு நின்றுகொண்டு, நான் சொன்னபடியெல்லாம் கோழி மாதிரி நடந்து காட்டினார்.

கிளம்பும்போது வண்டி வரைக்கும் வந்தார். பாப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள், பின்னால் அவள் அம்மாவும் இன்னும் சில பெண்களும். அவர் என் தோளில் கை வைத்தார்.

"உனக்குத்தாண்ணே நான் நன்றி சொல்லணும்" என்றார். "இவ பொறந்ததுலேர்ந்து ஒரு வாட்டிகூட கேக்கு வெட்டசொல்ல நான் இருந்ததில்ல. ஏதோ ஒண்ணு, பாடுன்னு பூடுவேன். நாளைக்கு வச்சுக்கலாம், நாளைக்கு வச்சுக்கலாம்னே ஓடிப்போச்சு. நீ போன்ல பேசசொல்ல இவ அம்மா ஸ்பீக்கர்ல போட்டுட்டு மீன் ஆஞ்சுக்கினு இருந்தா. வூடே கேட்டுச்சு. தொழில்னா இப்படித்தான் கண்டிசனா இருக்கணும்னு நெனச்சேன். உன்னாலதான் நின்னேன்."

வீடே கேட்டிருக்கிறது. குப்பத்தைப் பற்றி நான் சொன்னதும் அதில் அடக்கம். அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, எனக்குத்தான் காதில் திரும்பத் திரும்ப அடித்தது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலையே இல்லை, ஒரு பாட்டுக்காரன் மேல் இருந்த பொறாமையில் உங்கள் பெண்டாட்டியை வாய்க்கு வந்தபடி பேசினேன், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். பல்லைக் காட்டிக்கொண்டு, "அதுக்கென்னங்க" என்றேன்.

அப்போது பாப்பா என் சட்டையை இழுத்தாள்.

"ஜோக்கர் அங்கிள், அடுத்த பர்த்டேக்கும் எங்கம்மாவப் போன்ல திட்டுவியா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த காகிதத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். அவருக்குக் கேட்க வேண்டும் என்றுதான் நான் குனிந்து, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"இல்ல பாப்பா. தப்பு அது. இனிமே திட்ட மாட்டேன்."

பாப்பாவின் முகம் வாடிப்போயிற்று. என்னை விட்டு விலகி, அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.