வெள்ளி அங்கிக்காரனும் ஒரு கிண்ணம் சூப்பும்

நான் பராமரிக்கிற முதியவர் போன வருடம் கோடை தொடங்கியபோது சாப்பாட்டுக்கு வாய் திறக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். கரண்டியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார். பல் என்று சொல்லவும் ஒன்றும் மிச்சமில்லை, முரசைத்தான் கடித்தார். கெஞ்சிப் பார்த்தேன், பாடிப் பார்த்தேன், மூக்குக்குக் கிட்ட வாசம் காட்டிப் பார்த்தேன். பயனில்லை.

அவருடைய வீடு பலெர்மோவில், போர்கோ வெக்கியோ சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில். கீழே மீன்காரன் கத்துவது மேலே சமையலறை வரைக்கும் வரும். அவர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் வடக்கே பொலோஞ்ஞாவில் கணக்கு வேலை பார்க்கிறாள். அவளை நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுவேன், அவரை நொன்னோ, அதாவது தாத்தா என்று. என் பெயர் அவருக்கு முந்தி நினைவிருந்தது. பிறகு என்னைச் செத்துப்போன மனைவியின் பெயரால் கூப்பிட்டார். பிறகு எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை.

சிஞ்ஞோரா ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள், இப்படியே சாப்பிடாவிட்டால் முதியோர் இல்லத்தில் விடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று. அங்கே மூக்கால் குழாய் விடுவார்களாம். அவருக்கு அது நடக்கக்கூடாது என்று நினைத்தேன். அதே மூச்சில் என்னையும் நினைத்தேன், அதை ஒளிக்க என்ன இருக்கிறது. அவர் போனால் வேலை போகும். வேலை ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெசோவை, அதாவது வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போனால் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பவர் என்ன கேட்பார், நான் எந்த இத்தாலியனில் என்ன சொல்வேன்? எதையும் கடைசிவரை யோசித்துப் பயந்து முடித்தால்தான் எனக்கு நித்திரை வரும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில் பத்துச் சொல்லில் ஒன்றுதான் எனக்கு விளங்கும். அந்த ஒன்று எப்போதும் பயங்காட்டுகிற சொல்லாகவே இருக்கும்.

அந்த வாரத்தில் ஒரு மாலை தொலைக்காட்சியில் பழைய நிகழ்ச்சிகளைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்துச் சனிக்கிழமை நிகழ்ச்சிகள். நான் பேசாமல் சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய வெள்ளைப் படிக்கட்டு வந்தது. மேலே புகை. புகைக்குள்ளிருந்து ஒரு ஆண் பாட்டுக்காரன் இறங்கி வந்தான். மீன் செதில் மாதிரி மினுங்குகிற வெள்ளி அங்கி, தோள் இரண்டிலும் கறுப்பு இறகு, கண்மடலில் நீல மை, முழங்கைவரை பெண்கள் போடுகிற கையுறை. கீழ்ப்படிக்கு வந்ததும் அங்கியை இரண்டு கையாலும் விரித்தான்.

நொன்னோ நிமிர்ந்தார். மாதக்கணக்காகச் சத்தமே வராத தொண்டை.

"வெர்கோன்யா!"

வெட்கம் கெட்டது என்று அர்த்தம். பிறகு பலெர்மோக்காரர்களின் பேச்சில் "அஸ்தூத்தாலு!" என்றார். அணை அதை, அணை! முகம் சிவந்துவிட்டது. நான் பயந்து எழும்பி ரிமோட்டைத் தேடினேன். தேடுகிறபோது பார்த்தேன், வாய் திறந்தே இருந்தது. அடுத்த வசவுக்கு மூச்சு எடுத்துக்கொண்டிருந்தார். கையில் கரண்டி இருந்தது. வைத்தேன். விழுங்கினார். விழுங்கிவிட்டுத் திரும்பவும் ஏசினார்.

அன்றைக்குக் கிண்ணம் காலியானது.

எங்களுடைய வீடு சீசாப் பக்கம். பஸ்ஸில் திரும்பி வந்து கணவருக்குச் சொன்னேன். அவர் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறவர், களைத்துப்போய்க் கதிரையில் காலைத் தூக்கிப் போட்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பாட்டுக்காரன்ரை படத்தை ஃபோனிலை எடுக்கலாமோ?"

"ஏன், உனக்கும் அவனிலை கண் விழுந்திட்டுதோ?"

"பகிடி விடாதேங்கோ. அவனைக் கண்டாத்தான் மனிசன் வாய் திறக்குது."

"நான் தினமும் உன்னைக் கண்டு வாயைத் திறக்கிறன். என்ரை வாயுக்கை ஆர் தீத்தினது?"

என்றாலும் தேடித் தந்தார். ஒன்றல்ல, வரிசையாக இருந்தன. ஆரோ பழைய நாடாக்களிலிருந்து ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஃபோனில் இருப்பதைத் தொலைக்காட்சியில் விழ வைக்கிற முறையையும் காட்டினார்.

அதற்குப் பிறகு கோடை முழுக்க மத்தியானமும் மாலையும் அந்தப் பாட்டுக்காரனோடுதான் எனக்குச் சீவியம். வெள்ளி அங்கி ஒரு நாள். தலைக்கு மேல் மயில் விசிறி கட்டியது ஒரு நாள். பெட்டகம் மாதிரி ஒன்றுக்குள்ளிருந்து பூமாலையோடு எழும்பி வந்தது ஒரு நாள். எந்த இடத்தில் நொன்னோ கத்துவார், எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பது எனக்குப் பாடம். கத்துகிறபோது கரண்டியைக் கொடுக்கக்கூடாது, புரைக்கேறிவிடும். கத்தி முடித்து மூச்சு இழுத்து, ஒரு சின்ன இடைவெளி வரும், அதற்குள் வைக்கவேண்டும். தவறினால் அடுத்த வசவு வரைக்கும் காத்திருக்கவேண்டும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பிரெஷர் பார்ப்பேன். கூடியிருந்தால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். கூடாமலிருந்தால் கோபம் குறைகிறதோ என்று பயம்.

அதைவிட ஒரு பயம் இருந்தது. தமிழ்ப் பூசை முடிந்து கோவில் வாசலில் நின்ற சுவாமியாரிடம் கேட்டேன்.

"ஃபாதர், ஒராளுக்குக் கோவம் வரப்பண்ணிச் சாப்பாடு தீத்துறது பாவமோ?"

"ஆரிலை கோவம்? உன்னிலையோ?"

"இல்லை ஃபாதர், ரீவீயிலை வாற பாட்டுக்காரனிலை. இறகெல்லாம் கட்டிக்கொண்டு வருவான்."

"சாப்பிடுறாரோ?"

"வழிச்சுச் சாப்பிடுறார்."

"அப்ப அந்தப் பாட்டுக்காரனுக்கு ஒரு செபமாலை சொல்லு பிள்ளை. ஏச்செல்லாம் அவன்தானே வாங்கிறான்."

சொன்னேன். சொல்லுகிறபோது அவனைப் பற்றி யோசித்தேன். எனக்கு அவனைப் பிடித்தது என்றும் இல்லை, பிடிக்கவில்லை என்றும் இல்லை. ஒரே ஆளை நாளுக்கு இரண்டு தரம் பார்த்தால் அலுப்புத்தான் வரும். ஆனால் ஒன்று நினைத்தேன். நான் பஸ்ஸில் இறங்குமிடத்து மணியை அமத்தவே, பிழையான இடமோ என்று பத்துத்தரம் யோசிக்கிறவள். இவன் கண்ணுக்கு மை தீட்டி, நாடே இருந்து பார்க்கிற நேரத்தில் படிக்கட்டால் இறங்கி வந்திருக்கிறான். எத்தனை வீட்டில் எத்தனை ஆண்கள் எழும்பி ஏசியிருப்பார்கள். ஒரு படியில்கூட அவன் கால் தடுக்கவில்லை.

இலையுதிர் காலம் வந்தபோது வசவு குறைந்தது. முதலில் "அஸ்தூத்தாலு" போனது. "வெர்கோன்யா" மட்டும் நின்றது, அதுவும் இருமல் மாதிரி. சந்தையில் மந்தரின் தோடம்பழம் வரத் தொடங்கின நாட்களில் அதுவும் நின்றுவிட்டது. அவர் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெள்ளி அங்கி விரிந்தபோது போர்வைக்கு மேலே அவருடைய விரல்கள் தாளம் போட்டன. முகத்தில் ஒரு சிரிப்பு. உதடு ஒட்டிய சிரிப்பு.

வேறு யாராவது பார்த்திருந்தால் மனிதர் அமைதியாகிவிட்டார் என்று சந்தோசப்பட்டிருப்பார்கள். நான் கிண்ணத்தைப் பார்த்தேன். சூப்பில் ஆடை படிந்திருந்தது.

மற்றதெல்லாம் போட்டுப் பார்த்தேன். அரசியல்வாதிகள், எதிரி ஊரின் பந்தாட்டம், மழை பெய்து வீதியில் வெள்ளம் ஓடுவது. ஒன்றுக்கும் அசையவில்லை. கணவர் சொன்னார், "நீ இறகைக் கட்டிக்கொண்டு முன்னாலை ஆடு, கட்டாயம் கத்துவார்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிஞ்ஞோரா கேட்டபோது, இப்போது சாப்பாடு குறைந்துவிட்டது என்று உள்ளதைச் சொன்னேன். அவள், "நத்தார் பண்டிகைக்கு முதல் வாறன். இல்லத்தையும் பாத்திட்டு வருவம்" என்றாள்.

சொன்னபடி வந்தாள். பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது தொலைக்காட்சியில் வெள்ளி அங்கி. நான் கரண்டியோடு கதிரையில். அவள் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"இது என்ன?"

"பாட்டு, சிஞ்ஞோரா. முந்திச் சொன்னன்தானே, பாட்டுப் பாத்துக்கொண்டு சாப்பிடுறவர் எண்டு."

"இந்த ஆளையோ? இந்த ஆளையோ என்ரை அப்பாவுக்குக் காட்டுறாய்? அவரை வதைக்கிறதுக்கோ?"

தெரிந்த இத்தாலியனை எல்லாம் கூட்டிச் சொன்னேன். கோவம் வந்தால் வாய் திறப்பார், வாய் திறந்தால் நான் வைப்பேன், கோடை முழுக்க அப்படித்தான், பிரெஷர் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பெட்டிக்கு மேலேயே இருந்துவிட்டாள்.

அவள் சொன்னதை எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது சனிக்கிழமைகளில் இந்தக் கட்டடம் முழுக்க இந்தப் பாட்டுக்காரனுக்காகக் காத்திருக்குமாம். எல்லா யன்னலாலும் ஒரே பாட்டு வருமாம். இவர்களுடைய வீட்டில் மட்டும் படிக்கட்டு வந்த உடனே அப்பா எழும்பித் தொலைக்காட்சியை அணைத்துவிடுவாராம். தாய் உடுப்புக் காயப்போடப் போகிறேன் என்று சொல்லி மீதியைப் பார்க்கக் கீழ்வீட்டுக்குப் போய்விடுவாள். இவளைப் போக விடமாட்டாராம். ஒரு பாட்டைக்கூட முடிவுவரை பார்த்ததில்லையாம்.

"இப்ப ஏசுறேல்லையோ?" என்று கேட்டாள்.

"இல்லை சிஞ்ஞோரா. கோவம் மறந்துபோச்சு. இப்ப அவருக்கு அவனைப் பிடிச்சிருக்குப் போலை."

அவள் எழும்பினாள். தகப்பனுக்கும் தொலைக்காட்சிக்கும் இடையில் போய் நின்றாள். நான் ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கத்தினாள். அவருடைய குரலிலேயே, அவருடைய சொல்லாலேயே.

"வெர்கோன்யா! அஸ்தூத்தாலு, பப்பா! ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டு தெரியேல்லை! அஸ்தூத்தாலு!"

எத்தனை வருடத்துக் கத்தலோ. கீழே மீன்காரன்கூட ஒரு கணம் நிறுத்தினான் போலத் தோன்றியது. நொன்னோ அவளை அண்ணாந்து பார்த்தார். நெற்றி சுருங்கியது. கையால், விலகு, மறைக்கிறாய் என்பது மாதிரிக் காட்டினார்.

"லாஸ்ஸாலு கந்தாரி," என்றார்.

விடு, பாடட்டும்.

வாய் திறந்திருந்தது. நான் வைத்தேன். இப்படியான நேரத்தில் வைக்கலாமோ என்று யோசிக்காமல் நான் செய்த காரியம் அது ஒன்றுதான். அவர் விழுங்கினார்.

சிஞ்ஞோரா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினாள். அழுகிறாளோ சிரிக்கிறாளோ தெரியவில்லை. பொத்திய கைக்குள்ளிருந்தே சொன்னாள், "எடு. அடுத்த கரண்டியை எடு." திரும்பவும் ஏசினாள். அவர் திரும்பவும், விடு, பாடட்டும் என்றார். முக்கால் கிண்ணம் போனது. பாட்டு முடிந்து, மேடை இருண்டு, கை தட்டுகிற சத்தம் வரும்வரைக்கும் அவள் நின்றபடியே பார்த்தாள்.

இல்லத்தைப் பார்க்க மறுநாள் போனோம். சுத்தமாகத்தான் இருந்தது. பெயரைப் பதிந்தாள். இடம் வர எப்படியும் சித்திரை ஆகுமாம். "அதுவரை உன்னாலை ஏலுமோ?" என்று கேட்டாள். ஏலும் என்றேன். வேறு என்ன சொல்ல.

அவள் திரும்பிப் போனபிறகு அந்த வேலை எனக்கு வந்தது. எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத மனிதனை நாளுக்கு இரண்டு தரம், சந்தைக்காரர்களின் பேச்சில், உரத்து ஏசவேண்டும். மெல்ல ஏசினால் நொன்னோ திரும்பியும் பார்க்க மாட்டார். பிறவியில் ஒருவரோடும் சத்தம் போட்டுக் கதைக்காதவள் நான். முதல் நாள் தொண்டை கட்டிவிட்டது. கீழ்வீட்டுக்காரி மேலே வந்து கதவைத் தட்டினாள், ஏதும் பிரச்சினையோ என்று. ஒன்றுமில்லை, சாப்பிடுகிறார் என்றேன்.

மாலையில் சிஞ்ஞோரா தொலைபேசி எடுப்பாள். ஃபோனை மேசையில் வைக்கச் சொல்வாள். நான் இஞ்சித் தண்ணியில் ஒரு மிடறு குடித்துவிட்டு எழும்பி நின்று கத்துவேன். அவள் அங்கே மூச்சுக் காட்டாமல் இருப்பாள். சில நாள் அவர், விடு, பாடட்டும் என்று உடனே சொல்லுவார். சில நாள் மூன்று நான்கு தரம் கத்தினால்தான் சொல்லுவார்.

நேற்று மத்தியானம் ஒரு தரமும் சொல்லவில்லை. மாலையில் சொன்னார், அரைக் கிண்ணம் போனது. "கேட்டுது," என்றாள் சிஞ்ஞோரா. "நாளைக்கும் எடுக்கிறன்."