கஞ்சி குடிக்காத நாள்

எங்கள் வீட்டு நாய் மத்தியானக் கஞ்சியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டால், அன்று சாயங்காலத்துக்குள் அப்பாவின் கடிதம் வரும். இதைக் கண்டுபிடித்தவள் அம்மா. இராஜபாளையத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தாள். அப்பா பட்டாளத்தில், பர்மா எல்லைப் பக்கம் இருந்தார். சண்டை நடந்துகொண்டிருந்த காலம்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எதையும் முதலில் கவனிக்க வேண்டும், பிறகு காரணத்தை ஊகிக்க வேண்டும், ஊகத்தைச் சோதிக்க வேண்டும், ஒத்துவராததையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருந்தேன். வாய் திறந்து ஒன்றைக் கேட்கவே கூச்சப்படுகிற எனக்கு அந்த முறை மிகவும் பிடித்திருந்தது.

பரீட்சை லீவில் நாயைக் கவனிக்கத் தொடங்கினேன். ஒரு மாதத்தில் நான்கு நாள் அது கஞ்சியைத் தொடவில்லை. அந்த நான்கு நாளும் கடிதம் வந்தது. மற்ற நாட்களில் ஒன்றுகூட வரவில்லை.

தபால்காரரின் குரல் அதற்குத் தூரத்திலேயே கேட்கிறது என்பது என் முதல் ஊகம். நாயின் பின்னால் போய்ப் பித்தளைத் தாம்பாளத்தை ஓங்கித் தட்டினேன். காதுகூட அசையவில்லை. எங்கள் ஊர் வெள்ளை நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

“ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா? தாம்பாளம் நெளிஞ்சிரும்” என்றாள் அம்மா. “அதுக்குக் காது கேக்காது. மனசுதான் கேக்கும்.”

அடுத்த ஊகம் வாசனை. அப்பாவின் பழைய கடிதம் ஒன்றைக் கஞ்சிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாய் கடிதத்தின் மேலேயே காலை ஊன்றிக்கொண்டு கஞ்சியைக் குடித்து முடித்தது.

அதற்குமேல் ஊகம் எதுவும் மிஞ்சவில்லை. காலையிலிருந்து நாயின் பின்னாலேயே நடந்தேன். ஆறாம் நாள், தெருமுனைக் காப்பிக் கடை வாசலில் தபால்காரர் மீந்துபோன இட்லிகளை ஓர் இலையில் வைத்து அதற்குப் போட்டுக்கொண்டிருந்தார். எப்படியோ துணிந்து ஏன் என்று கேட்டுவிட்டேன்.

“ஒங்க வீட்டுக்குக் காயிதம் இருக்குற அன்னைக்கு நான் முழுசாத் திரும்ப வேண்டாமா தாயி? இது கொரைக்காது, நேரா கெண்டைக்காலுக்குத்தான் வரும். வயிறு நெறஞ்சா மத்தியானம் படுத்துரும்.”

ஒரே ஓட்டமாக ஓடி அம்மாவிடம் சொன்னேன். நாய்க்கு ஒன்றும் தெரியாது, கடிதம் இருக்கிற அன்று இட்லி கிடைக்கிறது, அதனால் கஞ்சி இறங்குவதில்லை. அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தை மடியில் வைத்துவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

“அம்புட்டுதானா?” என்றாள். பிறகு சிரித்து, “கெட்டிக்காரிதான் நீ” என்றாள்.

அதற்குப் பிறகு கடிதம் வருவது நின்றுபோயிற்று. ஒரு வாரம் இரண்டாகி, ஐந்தாயிற்று. நாய் தினமும் சட்டியை நக்கித் துடைத்தது. தபால்காரர் எங்கள் தெருமுனையைத் தலைகுனிந்தபடி கடந்து போனார்.

ஒரு நாள் நாய் கஞ்சியைத் தொடவில்லை. அம்மா முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். நான் காப்பிக் கடைக்கு ஓடினேன். “நான் ஒண்ணும் போடலையே தாயி” என்றார் தபால்காரர், என் முகத்தைப் பாராமல். கடிதமும் வரவில்லை. என் முடிவு எங்கே தப்பிற்று என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு நாள் கழித்து மறுபடியும் அப்படியே ஆயிற்று.

அப்புறம் ஒரு காலையில் கொல்லைப் பக்கம் போனேன். அம்மா குத்தவைத்து உட்கார்ந்து, தன் பங்குப் பழைய சோற்றை நாய்க்குப் பிசைந்து வைத்துக்கொண்டிருந்தாள். அரிசி கிடைக்காமல் எல்லோரும் அலைந்த நாட்கள் அவை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நீ சோறு போட்டா அது எப்படிம்மா கஞ்சி குடிக்கும்? அதுக்கும் கடிதத்துக்கும் சம்பந்தமில்லைன்னு சொன்னேன்ல?”

“தெரியும்ட்டி” என்றாள் அம்மா. “செத்த நேரம் சும்மா இரு.”

அன்று மத்தியானம் நாய் கஞ்சியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. அம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெயில் சாயும்வரை தெருமுனையைப் பார்த்தபடி நின்றாள்.

நான் சொன்னது அம்மாவுக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். இன்னும் எளிதாக எப்படிச் சொல்லிப் புரியவைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.